‘உம்மை’ இருக்க ‘மற்றும்’ எதற்கு?

தமிழில் ஒரு சிறு சொல் இன்று பெருஞ்சொல்லாய் வளர்ந்து நிற்கிறது. நாளிதழைப் பிரித்தால் அது. அரசு அறிவிப்பைப் படித்தால் அது. விழா அழைப்பிதழில் அது. வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் இருவரிச் செய்தியிலும் அதுவே. ‘மற்றும்’ என்பது அச்சொல். இரண்டு பெயர்கள் அருகருகே நின்றால் போதும்; அவற்றின் இடையே இதனைச் செருகாமல் இன்றைய எழுதுகோல் மேலே நகர்வதில்லை.

இது தமிழ் மரபு அன்று என்பது நம் முதல் வழக்கு. மரபுக் குறை ஒன்றே இதன் குற்றமாயின், அதனைப் புலவர் பெருமக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாளா இருந்திருப்போம். இச்சொல் பொருளையும் கெடுக்கிறது, படிப்பவரை மயக்குகிறது, அம்மயக்கத்தால் எளியோர் கூலியையும் நாளையும் இழக்கின்றனர். இது நம் இரண்டாம் வழக்கு. முதல் வழக்கினும் இதுவே வலியது.

நாம் இலக்கணப் பேராசிரியர் அல்லேம். நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராய், தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிப்பவர். பி.ஏ. வகுப்பில் கற்ற நன்னூலில் எஞ்சியிருப்பது சிறிதே. ஆயினும், தாளில் எழுதப்பட்ட ஒரு சிறு சொல்லால் ஒருவர் பெறுவதையும் இழப்பதையும் நாள்தோறும் காணும் தொழில் நம்முடையது. அந்த உரிமையில் எழுதுகிறோம்.

மூடும் சொல்லும் திறக்கும் சொல்லும்

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதும்போது, ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று முடிக்கிறோம். அந்த ‘மட்டும்’ எதற்கு? பின்னால் வேறொருவர் எதையும் கூட்டி எழுதிவிடக் கூடாது என்பதற்கு. அது கணக்கை மூடும் சொல்.

‘மற்றும்’ இதற்கு நேர்மாறானது. திரைப்படத் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் வரிசையாக வந்து முடிந்தபின் ‘மற்றும் பலர்’ என்று காட்டுவார்கள். சொல்லாதவர் இன்னும் உளர் என்பது அதன் பொருள். ‘மற்றுமொரு செய்தி’ என்றால் சொன்ன செய்தியின் வேறாய் இன்னொன்று. ‘மற்றும் உள்ளவற்றை நாளை காண்போம்’ என்றால் எஞ்சியவை நாளைக்கு. இவ்விடங்களிலெல்லாம் இச்சொல் தன் தொழிலைச் செம்மையாகச் செய்கிறது. எண்ணி முடித்த வரிசைக்கு அப்பாலும் சில உள்ளன என்று கைகாட்டுவதே அத்தொழில். இது கணக்கைத் திறந்து வைக்கும் சொல்.

திறந்து வைக்கும் சொல்லைக் கொண்டு கணக்கை மூட முயல்கிறார்கள். இன்றைய பிழை அனைத்தும் இவ்வொரு தொடரில் அடங்கும். ‘அரிசி, பருப்பு மற்றும் எண்ணெய்’ என்று எழுதுகிறவர் மூன்று பொருள்களையே கருதுகிறார். ஆனால் அவர் கடைசிப் பொருளுக்கு முன் வைத்த சொல்லோ, ‘இன்னும் வேறு உண்டு’ என்று சொல்லியே பழகிய சொல். கருத்து ஒரு பக்கமும் சொல் மறுபக்கமும் இழுக்கின்றன. காசோலையில் ‘ரூபாய் ஐந்நூறு மற்றும்’ என்று எழுதித் தர நம்மில் ஒருவரும் துணியோம். காசில் இருக்கும் விழிப்பு மொழியில் ஏன் இல்லை?

இலக்கணம் வகுத்த வழி

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து இடையியலில் ‘மற்று’ என்னும் சொல்லுக்கு இரண்டு நிலைகள் கூறினார். ஒன்று வினைமாற்று; அதாவது முன் சொன்னதை விட்டு வேறொன்றுக்குச் செல்லுதல். மற்றொன்று அசைநிலை. பின்வந்த நன்னூலார் இவற்றோடு ‘பிறிது’ என்னும் பொருளையும் சேர்த்தார். வினைமாற்று, அசைநிலை, பிறிது என்னும் இம்மூன்றில் எதுவும் ‘இதனையும் அதனையும் ஒன்றாய் இணைப்பது’ அன்று. திருக்குறளில் ‘மற்று’ வருமிடங்களில் பரிமேலழகர் வினைமாற்று என்றும் அசை என்றும் குறித்துச் செல்வதைக் கற்றோர் அறிவர்.

‘மற்றையது’ என்னும் சொல்லுக்கும் நம் இலக்கணம் வரையறை செய்துள்ளது. சுட்டிய பொருளுக்கு இனமான வேறொன்றை அது குறிக்கும். துணிக்கடையில் ஒரு சேலையைக் கையிலெடுத்த பெண், ‘மற்றதைக் காட்டுங்கள்’ என்றால், கடைக்காரர் வேறொரு சேலையைத்தான் எடுத்துப் போடுவார். குடத்தைக் கொண்டுவந்து வைக்கமாட்டார். ‘மற்று’ எனும் அடியில் பிறிது என்னும் பொருளும் இனம் என்னும் பொருளும் இவ்வளவு ஆழமாய்ப் பதிந்துள்ளன. இக்கருத்தைப் படிப்பவர் நினைவில் வைக்க வேண்டுகிறோம். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிச் சொல்வதற்குத் தமிழில் வழி இல்லாமற் போயிற்றா? நன்னூலார் எட்டு வழிகளை அடுக்குகிறார். இடைச்சொல் இன்றிப் பெயர்களை அடுக்குவதும், ஏ, என்றா, எனா என்பவற்றால் எண்ணுவதும் ஆகிய நான்கும் இறுதியில் தொகை பெறும். உம், என்று, என, ஒடு என்னும் நான்கும் தொகை பெற்றும் பெறாமலும் வரும். இந்த எட்டனுள் ‘மற்று’ இல்லை.

தொகை என்னும் கருத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்தர்க்கு இதைவிட உவப்பான இலக்கணம் இருக்க முடியாது. பத்து உருப்படிகளைப் பத்தியில் எழுதி, கீழே கோடிட்டுக் கூட்டுத்தொகை இடுகிறோமே, அதையே மொழியிலும் செய்யச் சொன்னார்கள். ‘சேரன், சோழன், பாண்டியன் ஆகிய மூவர்’ என்று சொன்னால் கணக்கு முடிந்தது. நான்காமவனை உள்ளே நுழைக்க இடமில்லை. ‘ஆகிய’ என்றால் வரிசை முடிந்தது. ‘முதலிய’ என்றால் முடியவில்லை. ‘போன்ற’ என்றால் ஒத்தவை எல்லாம் அடங்கும். ஒரு சொல்லை மாற்றுவதால் கணக்கைத் திறக்கவும் மூடவும் வல்ல மொழிக்கு, ‘மற்றும்’ எனும் ஒரே ஆணியை எல்லாக் கதவிலும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உம்மையின் பெருமை

‘உம்’ ஓரசைச் சொல்தான். அதற்கு எட்டுப் பொருள்கள் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் ஒருங்கே கூறினர். ‘கண்ணனும் வந்தான்’ என்றால் அவனுக்கு முன் வேறொருவர் வந்ததைச் சொல்லாமற் சொல்கிறோம், இது எச்சம். ‘மூவரும் வந்தனர்’ என்றால் ஒருவரும் எஞ்சவில்லை, இது முற்று. ‘நிலமும் நீரும்’ என்பது எண். ‘இரவும் அன்று, பகலும் அன்று’ என்று அந்திப்பொழுதைத் தெளிவிப்பது தெரிநிலை. ‘புலவராலும் சொல்ல இயலாது’ என்பது சிறப்பு. ‘அவர் வரவும் கூடும்’ என்பதில் வராமையும் ஒளிந்திருக்கிறது, இது எதிர்மறை. ஐயத்துக்கும் ஆக்கத்துக்கும் இதே ‘உம்’ உதவுகிறது.

எண்ணும்மையில் ஒரு நீதியும் உண்டு. அது பொருள்தோறும் நிற்கும். ‘தாயும் தந்தையும்’ என்னும்போது இருவருக்கும் ஒரே முத்திரை. ‘தாய் மற்றும் தந்தை’ என்னும்போதோ தாய் வெறுமனே நிற்கிறாள். தந்தை ஒட்டுப்போட்டுச் சேர்க்கப்பட்டவர் போலத் தோன்றுகிறார். வேற்றுமை உருபு சேரும்போது இக்குறை பெருங்குறையாகிறது. ‘அப்பா மற்றும் தம்பியைக் கூப்பிடு’ என்று எந்தத் தாயாவது மகளிடம் சொல்லியதுண்டா? ‘அப்பாவையும் தம்பியையும் கூப்பிடு’ என்றுதானே சொல்வாள்? பள்ளிக்கூடத்தின் வாயிலையே மிதியாத பாட்டிக்கும் இது தவறுவதில்லை. ‘நானும் அவளும் சந்தைக்குப் போனோம்’ என்பதே நாட்டார் வாக்கு. தவறுவதெல்லாம் எழுதப் படித்த நாம்தாம்.

உம்மை மறைந்து நிற்கவும் வல்லது. இராப்பகல், தாய்தந்தை, சேர சோழ பாண்டியர் என்பனவெல்லாம் உம்மைத்தொகைகள். ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று திருமண அழைப்பிதழில் அச்சிட்டவர்கள் தமிழ் அறிந்தவர்கள். அவர்தம் பேரர்கள் ‘சுற்றம் மற்றும் நட்பு’ என்று அச்சிடுகிறார்கள். இயல் இசை நாடகம் என்று மூன்று சொல்லில் முடிந்த முத்தமிழை, ‘இயல், இசை மற்றும் நாடகம்’ என்று விழா மேடையிலேயே நீட்டுகிறார்கள்.

ஒரு தாளால் விளைந்த அல்லல்

இவை செவிக்கு இன்னாத குறைகள். வயிற்றில் அடிக்கும் குறை வேறு. இத்தலைநகரில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுள் ஒரு மூதாட்டி, சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலுள்ள ஓர் அலுவலகத்தில் உதவித்தொகைக்கு மனுச் செய்வதற்காக, இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் சென்றார். வெறுங்கையோடு திரும்பினார். திரும்பிய பின் அந்த அறிவிப்புத் தாளை நம்மிடம் நீட்டி, “இதுல எதைத்தான் கேட்டிருக்காங்க, ஐயா?” என்றார்.

தாளில் இருந்தது இது: ‘வயதுச் சான்று, வருமானச் சான்று மற்றும் அடையாள அட்டை அல்லது குடும்ப அட்டை கொண்டு வரவும்.’

இதற்கு எத்தனை பொருள் கொள்ளலாம்? இரண்டு சான்றுகளும் கட்டாயம், அட்டைகளுள் ஏதேனும் ஒன்று போதும் என்று கொள்ளலாம். முதல் மூன்றையும் கொண்டு வருக, அவை இல்லையெனில் குடும்ப அட்டை ஒன்றே போதும் என்றும் கொள்ளலாம். அம்மூதாட்டிக்குப் படித்துச் சொன்னவர் இரண்டாவது பொருளையே கொண்டார். குடும்ப அட்டையை மட்டும் எடுத்துச் சென்றவரை அலுவலகத்தார் திருப்பி அனுப்பிவிட்டனர். பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணமும், வேலைக்குப் போகாத நாள்களின் கூலியும் போனவை போனவையே.

இதனையே, ‘வயதுச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். அவற்றுடன் அடையாள அட்டையோ குடும்ப அட்டையோ ஒன்று வேண்டும்’ என்று எழுதியிருந்தால் ஐயம் எங்கிருந்து வரும்? ‘உம்’ எவற்றை இணைக்கிறது, ‘ஓ’ எவற்றைப் பிரிக்கிறது என்பது சொல்லின் வாலிலேயே தெரிகிறது. பொருள்தோறும் முத்திரை குத்தும் மொழியில் எல்லை தானே விளங்கும். இடையில் ஒரே ஒரு சொல்லை நட்டுவைக்கும் முறையில், அச்சொல்லின் ஆட்சி எதுவரை என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியதாகிறது.

இனி, ‘மற்று’ இனத்தைக் குறிக்கும் என்று மேலே கூறியதன் விளைவைக் காண்போம். ‘கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர்க்கு உதவி’ என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று கொள்வோம். ‘கைம்பெண்களும், அவர்களைப் போன்ற மற்ற ஆதரவற்ற மகளிரும்’ என்று தமிழ்ச்செவி கேட்கிறது. அவ்வாறாயின், மகன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் கைம்பெண், ‘நாம் ஆதரவற்றவர் அல்லவே’ என்று ஒதுங்கிவிடுவார். ‘கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிர்க்கும்’ என்று எழுதினால் இரு வகையினரும் தனித்தனியே உரிமை உடையவர் என்பது வெளிப்படை.

மூலமொழியிலேயே தெளிவு இல்லை

இச்சொல் எங்கிருந்து இவ்வடிவில் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டுவதில்லை. ஆங்கில வரைவை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் எழுதும் தமிழில்தான் இது மண்டிக்கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆண்ட்’ நின்ற இடமெல்லாம் தமிழில் ‘மற்றும்’ நிற்கிறது. அந்த ‘ஆண்ட்’ அங்கேயே எவ்வளவு வழுக்கும் சொல் என்பதை நம் நீதிமன்றங்கள் அறியும். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் ‘மருந்து’ என்பதன் விளக்கத்தில் வந்த அச்சொல்லை, 1968-இல் உச்ச நீதிமன்றம் இணைப்புப் பொருளில் கொள்ளாது, பிரிப்புப் பொருளில் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன் வீட்டிலேயே வழக்காடு மன்றம் வரை சென்ற சொல்லின் நிழலை நம் வீட்டுக்கு அழைத்துவந்து நடுக்கூடத்தில் அமர்த்தியிருக்கிறோம்.

நடுவண் அரசின் கோப்புகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2020-ஆம் ஆண்டு சனவரி 26 அன்று இரண்டு ஒன்றியப் பகுதிகள் ஒன்றாக்கப்பட்டன. ஆங்கிலத்தில் அப்புதிய பகுதியின் பெயருக்குள் மூன்று ‘ஆண்ட்’கள். அதனைத் தமிழில், ‘தாத்ரா மற்றும் நகர் அவேலி மற்றும் தாமன் மற்றும் தியூ’ என்று எழுதுகிறார்கள்! ஒரே பெயருக்குள் மூன்று ‘மற்றும்’. எது எதனோடு சேர்ந்தது என்று பெயரைக் கொண்டு ஒருவரும் அறிய முடியாது. ‘தாத்ரா-நகர் அவேலி, தாமன்-தியூ’ என்று எழுதினால் இரண்டு இணைகளும் கண்ணுக்கே புலப்படும். புதுமை ஏதும் வேண்டுவதில்லை. ‘அந்தமான் நிக்கோபார் தீவுகள்’ என்று இத்தனை காலமாய் இடைச்சொல் இன்றியே சொல்லி வந்தோமே, ஒருவரேனும் வழி தவறினாரா?

மறுப்புகளும் விடைகளும்

‘மொழி வளர்வது, புதுவழக்கை ஏற்பதே வளர்ச்சி’ என்பர் சிலர். இல்லாததைப் பெறுவது வளர்ச்சி. பெட்டியில் பொன் இருக்கப் பித்தளையைக் கடன் வாங்குவது வளர்ச்சி ஆகாது.

‘கன்னடத்தில் மத்து உண்டு, தெலுங்கில் மரியு உண்டு, தமிழில் மற்றும் இருந்தாலென்ன?’ என்பர் வேறு சிலர். அவ்வுடன்பிறந்த மொழிகளின் வழக்கு அவர்களுக்கு உரியது. அதனைக் குறைகூற நாம் யார்? ஆயினும், கன்னடத்திலும் பெயர்தோறும் ஈற்றில் நின்று எண்ணும் முறை இன்றும் உயிரோடிருக்கிறது. மலையாளமோ நம் ‘உம்’மையே கைவிடாது வைத்திருக்கிறது. வடமொழியின் ‘ச’ என்னும் இணைப்புச் சொல்லும் பெயருக்குப் பின்னேயே வரும். அக்கம்பக்கத்தாரைக் காட்டுவோர் முழுவதையும் காட்ட வேண்டும்.

‘நீண்ட பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் உம் சேர்த்தால் படிக்க இயலாதே’ என்பது மூன்றாம் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்கே ‘ஆகிய’, ‘ஆகியவை’, ‘என்பன’ என்னும் சொற்கள் உள்ளன. பத்துப் பெயர்களை அடுக்கிக் கடைசியில் ‘ஆகிய பத்தும்’ என்றால் போதும். ‘அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை’ என்பதை ‘அறிவியல் தொழில்நுட்பத் துறை’ என்றால் துறை சுருங்கிவிடாது; பெயர்ப்பலகைதான் சுருங்கும்.

இவற்றினும் கொடியது ஒன்று அண்மைக் காலத்தில் வந்துள்ளது. பெயர்களை இணைத்தது போதாதென்று வினைகளையும் இச்சொல்லால் இணைக்கத் தொடங்கிவிட்டனர். கணினி மொழிபெயர்ப்பு வந்த பின் இது பெருவெள்ளமாகிவிட்டது. ‘படிவத்தை நிரப்பவும் மற்றும் கையொப்பமிடவும்’ என்று அச்சடித்துத் தருகிறார்கள். ‘படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடுக’ என்பதன்றோ தமிழ்? நம் வினையெச்சம் இரு வினைகளை இணைப்பதோடு நில்லாது, எது முன், எது பின் என்பதையும் காட்டும். முதலில் நிரப்பு, பிறகு கையொப்பமிடு என்கிறது ‘நிரப்பி’ என்னும் சொல். வெற்றுத் தாளில் கையொப்பமிட்டு, பின்னர் அதில் பிறர் எழுதியதற்குக் கட்டுப்பட்டுத் தவித்தவர்களை நாம் அறிவோம். ஒரு வினையெச்சம் எத்துணைப் பெரிய காவல் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

ஊரில் வாழ்வோர்க்கு இப்பிழையால் வரும் கேடு ஒரு பங்கு என்றால், நமக்கு அது இரு பங்கு. ஊர்ப்பிள்ளையின் காதில் தெருவும் சந்தையும் நாளெல்லாம் உம்மையை ஓதிக்கொண்டே இருக்கின்றன. அச்சிலுள்ள பிழையை அப்பிள்ளையின் செவி திருத்திக்கொள்ளும். நம் பிள்ளைகளோ தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்பவர்கள். ‘அவுர்’ அறிவர், ‘ஆண்ட்’ அறிவர். ‘அதற்குத் தமிழில் என்ன சொல்?’ என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்கிறார்கள். ‘மற்றும்’ என்று ஆசிரியர் ஒரு சொல்லில் விடை தந்துவிட்டால் அன்றோடு அவர்களுக்கு உம்மையின் கதவு அடைபட்டது. பிறகு அவர்கள் பேசும் தமிழ், தமிழ்ச் சொற்களால் ஆன வேற்றுமொழியாகவே இருக்கும். ‘அதற்கு ஈடான தனிச்சொல்லைத் தேடாதே; இரண்டு சொல்லின் கடைசியிலும் உம் சேர்’ என்று கற்பித்தால், வீட்டில் பாட்டி பேசுவதும் அவர்களுக்கு விளங்கத் தொடங்கும்.

ஆதலின் சங்கத்தின் செயற்குழுவினரை மூன்று செயல்கள் செய்ய வேண்டுகிறோம். சங்கத்தின் அழைப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் இணைப்புப் பொருளில் வரும் ‘மற்றும்’ இனி அச்சேற வேண்டா. தமிழ் வகுப்பில் முதல் திங்களிலேயே எண்ணும்மையை வாய்மொழியாகப் பழக்குக. அடுத்த ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளில் இச்சொல் வருமிடத்தைப் பதிப்பாசிரியர் கோடிட்டுத் திருப்பி அனுப்புக. நம் கட்டுரையிலும் அது தென்பட்டால் தயங்காது திருப்பியனுப்புக.

‘மற்றும்’ என்னும் சொல்லை நாடு கடத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது நல்ல சொல், பழைய சொல். சொன்னவற்றுக்கு அப்பால் சொல்லாதவை உள்ளன என்று காட்டும் இடத்தில் அதற்கு நிகர் அதுவே. அந்த இடத்தில் அதனை வாழவிடுவோம். எண்ணி முடிக்க வேண்டிய இடத்தில் உம்மையை எழுதுவோம். தொகை வேண்டிய இடத்தில் தொகையை இடுவோம். அரசு அறிவிப்பு எழுதும் தமிழர் ஒவ்வொருவரும் இதனை ஒரு மாதம் செய்து பார்க்கட்டும். தாளைக் கையில் ஏந்திக்கொண்டு, ‘இதில் எதைக் கேட்டிருக்கிறார்கள்?’ என்று வாசல்தோறும் நிற்பவர்கள் சிலரேனும் குறைவார்கள்.